நீலப் பேரலின் பிழைப்பு

வல்லம் ஒன்றியத்து ஊர்களில் வாசலில் நீலப் பேரல் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டாங்காட்டு ஊர்கள் இவை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்போது பிடித்து வைக்க 200 லிட்டர் கொள்கிற ஒன்று வேண்டும், அது மலிவாகவும் கிடைக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கி, டெம்போவில் ஏற்றி, சீயக்காயும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவி, வேப்ப மரத்தடியில் நிறுத்தியாயிற்று. பக்கவாட்டில் பாதி கிழிந்த லேபிளின் பசை மட்டும் மிச்சம். அதற்கு முன் அது எங்கிருந்தது, எதைச் சுமந்தது என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிப்பதில் கால்வாசியாவது பேரலைப் பற்றி விசாரித்திருக்கலாம்.

அதன் பூர்வீகத்தை அறிய வேண்டுமானால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோண அம்புக்குறிக்குள் 2 என்ற எண் இருக்கும். உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் என்று அர்த்தம். 1951-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் ஆய்வகத்தில் பால் ஹோகன், ராபர்ட் பேங்க்ஸ் என்ற இருவர் ஒரு வழியில் இதற்கு வந்து சேர்ந்தார்கள். 1953-இல் ஜெர்மனியில் கார்ல் ஜீக்லர் வேறு வழியில் வந்து சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிலிப்ஸ் கம்பெனிக்குத் தொடக்கத்தில் பெரிய தலைவலி. தயாரித்த பிளாஸ்டிக் தரம் ஒரே சீராக அமையவில்லை, கிடங்கில் தேங்கியது. 1958-இல் அமெரிக்கப் பிள்ளைகள் இடுப்பில் சுழற்றி விளையாடிய ஹூலா வளையம்தான் அந்தச் சரக்கை விற்றுக் கொடுத்தது. வேப்ப மரத்தடியில் நிற்கும் பேரலுக்கு அந்த வளையம் ஒருவகையில் அக்கா முறை.

உருவத்தில் அதற்கு அப்பா இரும்புப் பேரல். மரப் பீப்பாய்கள் ஒழுகிய காலத்தில் ஒழுகாத இரும்புப் பேரலுக்கு 1905-இல் அமெரிக்காவில் ஹென்றி வேர்ஹான் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்த கம்பெனியை நடத்தியவர் நெல்லி பிளை. 1889-90-இல் 72 நாளில் உலகைச் சுற்றி வந்த அதே பத்திரிகைக்காரப் பெண். இரண்டாம் உலகப் போர் அந்தப் பேரலைத் தீவு தீவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காலிப் பேரல்களைச் சேர்த்துக் கட்டித் தோணித்துறை போடுவதும் மிதவைப் பாலம் போடுவதும் அப்போதே பட்டாளத்துக்குப் பழக்கமாகிவிட்டது. ஆகவே பேரலைத் தண்ணீரில் இறக்குவது ஏதோ நம் ஊர் குறுக்குப் புத்தி என்று நினைக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் பேரலை வார்ப்பதில்லை, ஊதுகிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய் மாதிரி தொங்கவிட்டு, இரண்டு பாதி அச்சுகளால் கவ்விப் பிடித்து, உள்ளே காற்றை அடித்தால் அது விரிந்து அச்சின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆறியதும் பேரல். சுற்றுச்சுவரில் தையலோ இணைப்போ கிடையாது. உயரம் சுமார் 93 சென்டிமீட்டர், குறுக்களவு சுமார் 58, எடை எட்டு ஒன்பது கிலோ. இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டருக்குச் சற்று மேலான காற்றை ஒன்பது கிலோத் தோல் மூடியிருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்தால் அதைத் தண்ணீருக்குள் முழுதாக அழுத்த ஏறக்குறைய 200 கிலோ வேண்டும்.

இதில் இரண்டு சாதி உண்டு. மேலே இரண்டு சிறிய திருகு மூடி மட்டும் உள்ளது ஒன்று, திரவம் ஏற்றுவதற்கு. முழு வாயும் திறந்து, மூடி போட்டு, இரும்பு வளையத்தை நெம்பிப் பூட்டுவது மற்றொன்று; தூள், கூழ் வகைகளுக்கு. வீட்டுக்காரர் விரும்புவது இரண்டாவதை, கையை விட்டுக் கழுவலாம், சொம்பு விட்டு மொள்ளலாம். படகு கட்டுபவர் தேட வேண்டியது முதலாவதை. வாய் சின்னதாக இருந்தால் ஒழுக்கும் சின்னதாக இருக்கும்.

முதல் பிழைப்பு தொழிற்சாலையில். அமிலம், சாயம், சோப்புக்கான எண்ணெய், பசை, மருந்துச் சரக்கு, சமையல் சரக்கு என எதுவும் இதில்தான் வரும், நிறமும் பெரும்பாலும் இதே நீலம்தான். கடலூர் சிப்காட்டிலும் மணலியிலும் உள்ளதுபோன்ற ரசாயனத் தொழிற்சாலைகளில் இது தினசரிப் புழக்கம். அபாயகரமான ரசாயனம் தங்கிய காலிப் பேரலே அபாயக் கழிவு என்று 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. அனுமதி பெற்றவர்தான் அதைக் கையாள வேண்டும். விதி அப்படி. ஆனால் காலிப் பேரலுக்கு விலை இருக்கிறவரை அது கை மாறிக்கொண்டேதான் இருக்கும், கை மாறும்போது முதலில் போவது லேபிள்.

இரண்டாம் பிழைப்பு வீட்டில். கோடையில் தண்ணீர், அறுவடைக்குப் பின் நெல், சில வீட்டில் மல்லாட்டை. குதிரும் தொம்பையும் இருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. எலி எளிதில் கடிக்க முடியாது, ஈரம் ஏறாது. செஞ்சிக் கோட்டைக்குள் போனவர்கள் அந்தக் கனத்த சுவர்க் களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வெளியே காத்துக் கிடந்தபோது மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே தாக்குப் பிடித்ததற்குக் களஞ்சியமும் குளங்களும் ஒரு காரணம். கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலத்தோற்றங்களில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேமிப்பு என்றால் இந்த மண்ணுக்குப் புரியும். படகு என்றால் அவ்வளவாகப் புரியாது. கடல் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி மரக்காணத்தில். இங்கே ஆறு என்று சொல்ல சங்கராபரணி, அதுவும் வருஷத்தில் பாதி நாள் மணல்.

ஆனால் ஏரி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்தால் ஏரிகள் கோடி போகும். மீன் குஞ்சு விட்டிருப்பார்கள், குத்தகை எடுத்திருப்பார்கள். வலை கட்டவும், இழுக்கவும், வெங்காயத்தாமரை வாரவும் நடு ஏரிக்குப் போக ஏதாவது வேண்டும். மூன்று நான்கு மாதத்துத் தண்ணீருக்காகக் காசு போட்டுப் படகு வாங்குகிறவர் யார்? லாரி டியூப், தெர்மாகோல், பரிசல், பேரல் என்று கைக்குக் கிடைப்பதை வைத்து ஓட்டுவதுதான் தமிழ்நாட்டு ஏரிகள் முழுவதும் நடப்பு. பேரலின் மூன்றாம் பிழைப்பு இங்கே தொடங்குகிறது.

ஒற்றைப் பேரல் மேல் யாரும் உட்கார முடியாது, உருண்டுவிடும். இரண்டைப் படுக்கவைத்து, நடுவில் மூன்றடி இடம் விட்டு, குறுக்கே சவுக்குக் கழிகளைப் போட்டுக் கட்டினால் உருளாது. இடைவெளி கூடக் கூட நிலைப்பு பல மடங்கு கூடும். கயிறு பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கும். லாரி டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினால் பிடித்துக்கொள்ளும். பசை எதுவும் உதவாது. இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு எதையும் ஒட்டவிடாத குணம் கொண்டது, ஃபைபர் படகுக்குப் போடும் ரெசின்கூட ஆறியதும் உரிந்து வந்துவிடும். கட்ட வேண்டும், அல்லது சூடேற்றி உருக்கி ஒட்ட வேண்டும். மூன்று பேர் ஏறினால் பேரல்கள் பாதிக்குச் சற்று மேல் முங்கும். போதுமான மிச்சம்.

இனி இருக்கை. தெப்பம் கட்டும் எல்லாரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான், முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். ஒரு பலகையைக் குறுக்கே போட்டால் உட்காரலாம். ஆனால் பலகைக்கு உட்கார மட்டும்தான் தெரியும். 20 லிட்டர் கேனைப் படுக்கவைத்துக் கட்டினால் ஏறக்குறைய முக்கால் அடி உயரத்தில் ஆசனம். காலை நீட்டிக்கொள்ளலாம், பாரம் தாழ்வாக இருப்பதால் தெப்பம் ஆடாது. அதே கேன் மூடியிருந்தால் 19 கிலோ அளவுக்குத் தூக்கும். தண்ணீரில் விழுந்த மனிதரின் தலை வெளியே நிற்க அதில் பாதியே போதும். 100 நியூட்டன் உயிர்காப்புச் சட்டை என்பதே பத்துக் கிலோ தூக்குவதுதான். ஆக ஆசனம் இரண்டு பேரை மிதக்க வைக்கும். படகு கவிழ்ந்து கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து உயிர் தப்பினார்கள் என்ற செய்தி நம் கடற்கரைக்குப் புதிதே அல்ல.

பேரலை அறுத்துப் படகு செய்யும்போது இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. சிலர் பேரலை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, அரைப் பேரல்களை வரிசையாகச் சேர்த்துத் தொட்டிப் படகு செய்கிறார்கள். பார்க்க அழகு, கட்டிய தெப்பத்தைவிட வேகமாகவும் போகும். ஆனால் ரம்பம் வைத்த நிமிஷமே அது மிதவை இல்லை, வெறும் தொட்டி. ஓரத்தில் ஒரு ஆள் சாய்ந்து தண்ணீர் நிரம்பினால் அதைத் தூக்கிப் பிடிக்க உள்ளே காற்று கிடையாது; பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு என்பதால் அடியில் போகாமல் கிடக்கும், அவ்வளவே, ஆளைத் தாங்காது. அறுத்து இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது மூடிய கேன் ஆசனம்தான். என்னைக் கேட்டால், கேன் ஆசனம் இல்லாத அரைப் பேரல் படகில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

எங்கே கட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. அடித்தளத்தில் கேன்களைச் செருகினால், நீர் நிறைந்த படகு குப்புறப் புரளப் பார்க்கும், காற்று மேலே வரத் துடிப்பதால். இரு பக்க விளிம்பை ஒட்டி, மேல்மட்டத்தில் கட்டினால் நிமிர்ந்தே நிற்கும். அமெரிக்காவில் 1971-இல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளுக்கு நீர் நிறைந்தாலும் மூழ்காதபடி மிதவைப் பொருள் வைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சின்னப் படகுகளில் அதை ஒளித்து வைக்கத் தோதான இடம் ஆசனத்தின் வயிறுதான்.

எந்தப் பாத்திரம் ஆசனமாகத் தேறும்? வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி நல்ல உயரம், கைப்பிடியில் கயிறு கோக்கலாம், மூடியைத் திறந்து தூண்டிலும் சோற்றுத் தூக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆள் உட்கார்ந்தால் மூடி குழியும், மேலே வட்டமாக ஒட்டுப்பலகை வெட்டிப் போட வேண்டும். ஆனால் வாளி மூடி மழையைத் தடுக்கும், முங்கினால் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதை அலமாரியாக நினையுங்கள், மிதவையாக அல்ல. பால் பாக்கெட் டிரே உட்கார உறுதியானது, உடம்பெல்லாம் ஓட்டை. வீட்டுக்கு வரும் கேன் தண்ணி கேன் வழவழவென்று உருளும், மூடியும் பிதுங்கிக் கழலும். டீசல், எண்ணெய் ஏற்றுகிற சதுரக் கேன்தான் எல்லாவற்றிலும் மேல். அதன் மூதாதை 1937-இல் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் இரும்புக் கேன். பெட்ரோல் நிரப்பிய பிறகும் தண்ணீரில் மிதக்கும்படி உள்ளே காற்றுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கேனுக்கும் ஒரு குறை உண்டு. வெயிலில் உள்ளே காற்று விரிந்து வயிறு உப்பும். திடீரென்று மழையோ குளிர்ந்த தண்ணீரோ பட்டால் சுருங்கும், சுருங்கும்போது மூடியின் மறைவழியே ஈரத்தை உறிஞ்சும். தினம் கொஞ்சம். ஒரு மாதம் கழித்து ஆசனத்தை ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். மூடிக்குள் ரப்பர் வாஷர் போட வேண்டும். முழு வாய்ப் பேரல்தான் கிடைத்தது என்றால், அதற்குள் காலிக் குளிர்பான பாட்டில்களை மூடி இறுக்கி நிறைய அடைத்துவிடுங்கள். பேரல் ஓட்டையானாலும் பாட்டில்களின் காற்று போகாது.

தெர்மாகோலை ஏன் அடைக்கக் கூடாது என்று கேட்கலாம். அடைக்கலாம், பெட்ரோல் படாதவரை. பட்டால் சர்க்கரைபோலக் கரையும். ஃபைபர் படகு கட்டுபவர்கள் பாலியெஸ்டர் ரெசினை நேரடியாகத் தெர்மாகோல் மேல் ஊற்றுவதில்லை, ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். முதலில் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவார்கள், அல்லது வேறு நுரையைப் போடுவார்கள். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்க விரித்த தெர்மாகோல் காற்றடித்ததும் கரைக்குத் திரும்பியதை நாடே பார்த்துச் சிரித்தது. மிதப்பது அதன் குணம், கட்டாமல் விட்டது அதன் குற்றமா?

கட்டுமரத்தில் ஆசனம் என்ற பேச்சே இல்லை. மரமே மிதவை, மரமே ஆசனம். அலை மேலே ஏறி இறங்கிப் போகும், மீனவர் இடுப்புக்குக் கீழ் நனைந்தபடியே தொழில் செய்வார். 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் முயற்சி, கரையில் ஏற்றி இறக்கும் புதுப் படகுகளைச் சோதித்தபோது நுரை அடைத்து மூழ்காதபடி செய்ததும் கட்டுமரத்தின் அந்தக் குணத்தைக் கைவிடக் கூடாது என்பதற்குத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. மரக்காணம் பக்கம் கரையில் ஏற்றிய படகில் இன்று ஆள் உட்காருவது குறுக்குத் தட்டில், ஐஸ் பெட்டியில், எண்ணெய்க் கேனில். ஐஸ் பெட்டி மீனுக்குக் குளிரும் மனிதருக்கு ஆசனமும் ஆகிறது.

இதற்கெல்லாம் மூத்தது சிந்து நதியில் இருந்தது. பல்லா என்று அங்கே சொல்லும் ஹில்சா மீனைப் பிடிக்கும் சிந்து மீனவர், வயிறு பெருத்த பெரிய மண்பானையின் வாய் மேல் குப்புறப் படுத்து ஆற்றோடு மிதப்பார். வலையில் விழுந்த மீனை அந்தப் பானைக்குள்ளேயே போடுவார். படகு, படுக்கை, சேமிப்புப் பாத்திரம் மூன்றும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்கார யாத்திரிகர்கள் வியந்து எழுதி வைத்த காட்சி அது. நம்முடைய கேன் ஆசனம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. வல்லத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. அப்படிப்பட்ட நாளில் வாசல் பேரல் தானாகவே மிதந்து போய் வேலியில் முட்டி நிற்கும். அதைப் பிடித்துக் கட்ட இரண்டு கழியும் நாலு டியூப் நாடாவும் வீட்டில் இருந்தால் கிழவியையும் குழந்தையையும் மேட்டுக்குக் கொண்டு சேர்க்கலாம். ஓடும் தண்ணீரில் வேண்டாம்; தேங்கிய தண்ணீரில், கரையிலிருந்து கயிறு பிடித்து இழுத்தபடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் பேரலும் மெத்தையும் கட்டித் தெருவில் மிதந்தார்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை கட்டிப் பார்த்து வைப்பது நல்லது.

பேரலுக்குச் சாவு வெயிலால். சூரியனின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை வெட்டுகிறது. நீலம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக வரும். பிறகு ஒரு நாள் கல் பட்ட இடத்தில் கோடு கோடாகக் கீறும். கறுப்பு நிறத்தது இன்னும் சில வருஷம் தாங்கும், கரித்தூள் கதிரைத் தடுப்பதால். வெளுத்த பேரலை ஏரியில் இறக்கக் கூடாது. அதைத் திரும்பவும் இரும்புக் கடைக்கே போடலாம். இந்தப் பிளாஸ்டிக் உருக்கினால் மீண்டும் குழாயாகவும் வாளியாகவும் பிறக்கும்.

ஏரி வற்றியதும்தான் எனக்குப் பயமே. பங்குனியில் தெப்பத்தை அவிழ்த்து, பேரலைக் கழுவி, மறுபடி தண்ணீர் பிடிக்க வாசலில் நிறுத்துகிற வழக்கம் இருக்கிறது. முன்பு எதைச் சுமந்தது என்று தெரியாத பேரலுக்கு இது ஆகாது. பிளாஸ்டிக்கின் சுவர் ரசாயனத்தைக் கொஞ்சம் உள்ளே குடித்து வைத்திருக்கும், கோடை வெயிலில் அதை மெல்லத் தண்ணீருக்கு விடும். சீயக்காயால் அது போகாது. லேபிள் உள்ள பேரலாகப் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாததை வாங்கத்தான் வேண்டும் என்றால் அதைத் தெப்பத்துக்கும் ஆசனத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு விடுங்கள். அதில் குடிக்கத் தண்ணீர் பிடிக்காதீர்கள், நெல்லும் கொட்டாதீர்கள்.